இளம்பருவ நீரிழிவும் அவசர சிகிச்சையும்

நீரிழிவு நாற்பதைக் கடந்தவர்களின் நோய் என்பது நம் மக்களிடையே நன்கு வேரூன்றிவிட்ட எண்ணம். அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்த இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் லெபோ பசார்ப் பக்கத்து உணவுக் கடையொன்றில் காலை வேளையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால், 'தே ஓ கோசோங்' என்ற குரல் எத்தனை முறை எழுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். அக்குரல்கள் பெரும்பாலும் நரைத்த தலையினருடையவை. ஆகவே, பதினான்கு வயதுப் பையன் ஒருவன் ஓயாமல் தண்ணீர் குடிக்கும்போது, அவனுக்கும் அந்நோய் வந்திருக்கக்கூடும் என்னும் நினைவு பெற்றோருக்கு எழுவதில்லை, ஆசிரியருக்கும் எழுவதில்லை. சில வேளைகளில் முதலில் பார்க்கும் வைத்தியருக்கும் எழுவதில்லை.

இந்த மறதியின் விலை என்ன, அதைக் குறைக்க மருத்துவ ஆராய்ச்சி செய்திருப்பது என்ன, அவசர சிகிச்சைப் பிரிவிலுள்ள கருவிகள் எதுவரை துணை நிற்கும் என்பனவற்றை இங்கே காண்போம்.

வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்னும் உறுப்பு உள்ளது. அதில் தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் உயிரணுக் கூட்டங்கள் இன்சுலின் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. உண்ட சோறு குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் ஓடினாலும், தசையின் உயிரணுக்களுக்குள் அது தாராளமாகப் புகுவதற்கு இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். முதியோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் இருக்கிறது. ஆனால் கதவு எளிதில் திறப்பதில்லை. சிறுவர்க்கும் இளைஞர்க்கும் பெரிதும் வரும் முதல் வகையின் கதை வேறு. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே, இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைப் பகையென மயங்கி அழித்துவிடுகிறது. சர்க்கரை மிகுதியாகத் தின்றதால் இது வருவதன்று. தாய் தந்தையின் கவனக் குறைவாலும் வருவதன்று. இந்த உண்மையை அறியாமல் தம்மையே நொந்துகொள்ளும் தாய்மார் பலர்.

முதல் வகை நீரிழிவு பின்லாந்து முதலிய வட நாடுகளில் மிகுதி. ஆசிய நாடுகளில் குறைவு. குறைவாயிருப்பதே ஒருவகையில் ஆபத்தாகவும் முடிகிறது. அரிதாக வரும் விருந்தாளியை வாசலில் நிற்கும்போது யாரும் அடையாளம் கண்டுகொள்வதில்லை.

இளம்பருவத்தில் இந்நோய் கடுமை கொள்வதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பூப்பெய்தும் காலத்தில், ஆணாயினும் பெண்ணாயினும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை வாரி வழங்குகிறது. எலும்பு நீள்கிறது, குரல் மாறுகிறது. கூடவே அந்த ஹார்மோன் இன்சுலினின் வேலைக்கு எதிராகவும் நிற்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நோயற்ற பிள்ளைகளிடம்கூடப் பருவமடையும் ஆண்டுகளில் இன்சுலினின் ஆற்றல் குன்றிவிடுவதைக் காட்டினர். நல்ல கணையம் கூடுதலாகச் சுரந்து அக்குறையை ஈடுசெய்துகொள்ளும். பாதி அழிந்துவிட்ட கணையத்தால் அது இயலாது. முதல் வகை நீரிழிவு பருவ வயதை ஒட்டிப் பலரிடம் தலைகாட்டுவதும், பத்து வயதில் கட்டுக்குள் இருந்த சர்க்கரை பதின்மூன்றில் பிடிகொடாமல் ஓடுவதும் இவ்விடத்தில் வைத்து எண்ணத்தக்கவை. "பிள்ளை சொன்னபடி கேட்பதில்லை" என்று பழி சுமத்துமுன் இதையும் நினைவிற் கொள்வது நல்லது.

இன்சுலின் அறவே குறைந்துவிட்டால் உடல் விசித்திரமான நிலைக்கு ஆளாகிறது. இரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாய் ஓடும். உயிரணுக்களோ பட்டினி கிடக்கும். மிகுந்த சர்க்கரை சிறுநீரில் வழியும்போது நீரையும் தன்னோடு இழுத்துச் செல்லும். அதனாலேயே அடிக்கடி சிறுநீர், அதனாலேயே தாகம். பட்டினி கிடக்கும் உடல் தன் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கொழுப்பு இவ்வாறு கட்டின்றி எரியும்போது கல்லீரலில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் உண்டாகின்றன. அவை இரத்தத்தில் சேரச் சேர வாந்தி வரும், வயிறு வலிக்கும், அழுகும் பழத்தின் வாடை மூச்சில் வீசும். அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற உடல் முயல்வதால், ஓடிக் களைத்தவன்போல் பிள்ளை ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடும். இம்மூச்சை ஜெர்மானிய வைத்தியர் அடால்ஃப் குஸ்மால் 1874ஆம் ஆண்டிலேயே விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அடுத்து வருவது மயக்கம். அதையும் கடந்தால் மரணம். இதனைக் கீட்டோன் அமிலநிலை என்பர்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இந்நிலையை அடைந்த பிள்ளை மீண்டதில்லை. உணவைப் பெருமளவு குறைத்து, எலும்பும் தோலுமாகச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ உயிரை நீட்டிப்பதே அக்கால வைத்தியம். கனடா நாட்டின் டொராண்டோ பொது மருத்துவமனையில் 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் லியோனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாறு ஊசி வழியே செலுத்தப்பட்டது. அவனுக்கு வயது 14. எடை 65 பவுண்டு. முதல் ஊசி பெரும்பயன் தரவில்லை. குத்திய இடத்தில் சீழ் கட்டியதே மிச்சம். ஜேம்ஸ் காலிப் என்னும் இரசாயன அறிஞர் இரவு பகலாக உழைத்துச் சாற்றைத் தூய்மை செய்தார். ஜனவரி 23ஆம் நாள் மறுபடியும் ஊசி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது, கீட்டோன் மறைந்தது, பையன் எழுந்து உட்கார்ந்தான். பான்டிங், பெஸ்ட், மக்லியாட் ஆகியோரின் பெயர்களை அறிந்தவர்கள் காலிப்பின் பெயரை அவ்வளவாக அறிவதில்லை. அந்த இரண்டாம் ஊசி அவருடைய கைவண்ணம். தாம்சன் பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, 1935ஆம் ஆண்டு நிமோனியாக் காய்ச்சலில் இறந்தான்.

இன்சுலின் கிடைத்துவிட்டதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு எவ்வளவு இன்சுலின், எவ்வளவு நீர், எந்த வேகத்தில் என்னும் கேள்விகளுக்கு விடை காண அரை நூற்றாண்டு கழிந்தது. முற்காலத்தில் ஒரே தடவையில் பெரும் அளவு இன்சுலினை ஏற்றினர். சர்க்கரை மளமளவென்று சரியும். அதனோடு இரத்தத்திலுள்ள பொட்டாசியமும் சரிந்து இதயத் துடிப்பே நின்றுவிடுவதுண்டு. 1973ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆல்பர்ட்டியும் அவருடைய தோழர்களும் சிற்றளவு இன்சுலினே போதும் என்று காட்டிய பின்னரே முறை மாறியது. இன்று முதலில் உப்பு நீர் ஏற்றுகிறார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்ற பின்னரே, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட் வீதம் இன்சுலின் செலுத்துகிறார்கள். நாற்பது கிலோ எடையுள்ள மாணவனுக்கு இது மணிக்கு இரண்டு முதல் நான்கு யூனிட். சொட்டுக் கணக்கு என்றே சொல்லலாம். இவ்வளவு நுட்பமாகச் செலுத்தும் மின்விசைப் பம்பு இல்லாதிருந்தால், அம்முறை ஏட்டோடு நின்றிருக்கும்.

கருவிகளின் வரலாறும் சுவையானது. ஒரு காலத்தில் சிறுநீரை நீலநிறக் கரைசலோடு சேர்த்துக் கொதிக்க வைத்து, நிறம் பச்சையாகிறதா, செங்கல் நிறமாகிறதா என்று பார்த்தே சர்க்கரையை மதிப்பிட்டனர். 1965ஆம் ஆண்டு இரத்தத் துளி இட்டு நிறம் பார்க்கும் காகிதப் பட்டை வந்தது. 1970ஐ ஒட்டி அந்நிறத்தை அளக்கும் கருவி வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, வைத்தியர்களுக்கு மட்டுமே விற்பனை. சிறு வயதிலேயே நீரிழிவுக்கு ஆளாகியிருந்த ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், வைத்தியரான தம் மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கி வீட்டிலேயே தம் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டார். பின்னர் அவரும் மருத்துவம் பயின்று வைத்தியரானார். நோயாளி தானே அளந்துகொள்ளலாம் என்னும் எண்ணத்திற்கு வித்திட்டவர்களுள் அவரும் ஒருவர். லேலண்டு கிளார்க் 1962ஆம் ஆண்டு விளக்கிய, நொதியும் மின்வாயும் சேர்ந்த அமைப்பே இன்று உள்ளங்கையில் அடங்கி ஐந்தாறு வினாடிகளில் எண்ணைக் காட்டும் கருவிகளுக்கு மூலம்.

அவசரப் பிரிவில் இவற்றினும் முக்கியமானது கீட்டோனை இரத்தத்திலேயே அளக்கும் சிறு கருவி. சிறுநீர்ப் பட்டை அளப்பது கீட்டோன்களுள் ஒன்றை மட்டுமே. அமிலநிலையில் மிகுந்து நிற்பதோ மற்றொன்று. அதைப் பட்டை காண்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், சிகிச்சையால் பிள்ளை தேறிவரும் வேளையில் அந்த மற்றொன்று முதலாவதாக மாறுகிறது. ஆகவே நோய் குறையக் குறையப் பட்டையின் நிறம் ஆழமாகி, வைத்தியரைக் கலங்க வைக்கும். இரத்தத்தில் அளக்கும் கருவிக்கு இக்குழப்பம் இல்லை. அது காட்டும் எண் 3ஐ எட்டினால் அபாயம் என்று கொள்கிறார்கள். இரத்தத்தின் அமிலத் தன்மையைச் சில நிமிடங்களில் காட்டும் வாயு அளவைக் கருவியும் இப்பொழுது படுக்கையருகிலேயே உண்டு. 7.35க்குக் குறையாதிருக்க வேண்டிய எண் 7.3க்குக் கீழே வந்தால் அமிலநிலை, 7.1க்கும் கீழே போனால் மிகக் கடுமை.

எஞ்சி நின்ற பேரச்சம் மூளை வீக்கம். நூறு பிள்ளைகளுள் ஏறக்குறைய ஒருவருக்கு இது நேரும். நேர்ந்தவர்களுள் பலர் பிழைப்பதில்லை. நீரை விரைவாக ஏற்றுவதால்தான் மூளை வீங்குகிறது என்று நெடுங்காலம் நம்பி வந்தனர். அமெரிக்காவின் 13 மருத்துவமனைகள் சேர்ந்து 1,255 சிறுவர் சிறுமியரிடம் ஏற்பட்ட 1,389 அமிலநிலை நிகழ்ச்சிகளை ஆராய்ந்தன. சிலருக்கு விரைவாகவும் சிலருக்கு மெதுவாகவும், உப்புச் செறிவை மாற்றியும் நீர் ஏற்றினர். 2018ஆம் ஆண்டு வெளியான முடிவு, எம்முறையாலும் மூளைக்குத் தனிக் கேடோ தனி நன்மையோ இல்லை என்பதே. மொத்தத்தில் 12 நிகழ்ச்சிகளில் மட்டுமே மூளைப் பாதிப்பு வெளிப்பட்டது.

அப்படியானால் ஆபத்து எங்கிருந்து வருகிறது? 2001ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில் இதற்கு ஒரு குறிப்பு உண்டு. மூளை வீக்கம் கண்ட பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோதே இரத்தத்தில் யூரியா மிகுந்தும் கரியமில வாயு மிகவும் குறைந்தும் இருந்தனர். அஃதாவது மற்றவர்களைவிட நீர் வற்றி, அமிலம் முற்றிய நிலையில் வந்தவர்கள். வாசலைத் தாண்டி உள்ளே வந்தபின் செய்யும் சிகிச்சை எவ்வளவு செம்மையானாலும், வாசலுக்கு வெளியே கழிந்த நாட்களை அதனால் திருப்பித் தர இயலவில்லை.

அந்த நாட்கள் சிறியவையல்ல. தாகம் தொடங்கியது முதல் மயக்கம் வரை பெரும்பாலும் சில வாரங்கள் செல்லும். மலேசியாவில் சிறுவர், இளைஞர் நீரிழிவுக்கென 2006ஆம் ஆண்டு ஒரு தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2008இல் வெளிவந்த அதன் முதல் முடிவுகளின்படி, முதல் வகை நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோரின் நோய் கண்டுபிடிக்கப்பட்டதே அமிலநிலையில்தான். ஜெர்மனியில் 2019ஆம் ஆண்டு இவ்வளவு நூற்றுக்கு 24.5 ஆக இருந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை கொரோனாத் தொற்றுக்கு அஞ்சி மக்கள் வீட்டில் அடைந்து கிடந்த இரு மாதங்களில் அது 44.7 ஆக உயர்ந்துவிட்டது. அதே வைத்தியர்கள், அதே கருவிகள், அதே மருந்து. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர மக்கள் தயங்கினர்; பள்ளிக் கூடமும் மூடியிருந்தது.

இதற்கு நேர்மாறான கதை இத்தாலியின் பார்மா நகரத்தைச் சேர்ந்தது. 1991ஆம் ஆண்டு அங்கே வைத்தியர்கள் ஓர் எளிய வேலை செய்தார்கள். படுக்கையை நனைத்துவிட்ட சிறு பிள்ளையின் படத்தோடு, 'மிகுந்த தாகமா? அடிக்கடி சிறுநீரா?' என்ற பொருள்படும் சுவரொட்டிகளைப் பள்ளிக்கூடங்களில் ஒட்டச் செய்தார்கள். குழந்தை வைத்தியர்களுக்கு இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவிகளைக் கொடுத்தார்கள். ஆசிரியர்களுக்கு விளக்கம் சொன்னார்கள். அதற்கு முந்திய ஆண்டுகளில் புதிய நோயாளிகளுள் நூற்றுக்கு 78 பேர் அமிலநிலையில் வந்து சேர்ந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் அது 12.5க்கு இறங்கியது. இத்துறையின் பெரும்பெரும் ஆய்வுகளுக்கிடையே இந்தச் சுவரொட்டி ஆய்வு அடக்கமாகத்தான் கிடக்கிறது. ஆனால் இத்தகைய வீழ்ச்சியைக் காட்டிய கருவி வேறு எது?

பினாங்கிற்கு இப்பாடம் மிகவும் பொருந்தும். தீவில் பெரிய பொது மருத்துவமனை உண்டு. பெருநிலத்தில் செபராங் ஜெயா மருத்துவமனை உண்டு. 1985 முதல் பாலமும் உண்டு. முன்னொரு காலத்தில் தோட்டத்து டிரசர் ஐயா கொடுத்த கலவை மருந்தைக் குடித்துவிட்டுப் படகுக்குக் காத்திருந்த நிலை இன்றில்லை. தாமதம் தூரத்தால் நேர்வது குறைந்துவிட்டது. தவறாக எண்ணுவதால் நேர்வது குறையவில்லை. வாந்தியும் வயிற்று வலியும் 'கேஸ்டிரிக்' என்று கொள்ளப்படும். ஆழ்ந்த மூச்சு, ஆஸ்துமா ஆகிவிடும். பெரிய பெண்ணானவள் மெலிந்தால், "வயசுக்கு வந்தால் அப்படித்தான்" என்று பாட்டி சொல்லிவிடுவாள். பையன் மெலிந்தால் பந்தாட்டத்தின் மேல் பழி. இவற்றினும் கேடானது, தாகமாயிருக்கிறான் என்று இரக்கப்பட்டுச் சிரப் தண்ணீரும் டப்பாவில் அடைத்த இனிப்புப் பானமும் வாங்கிக் கொடுப்பது. எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதற்கு ஒப்பாகும் இது.

நம் முன்னோருள் பலர் இம்மாநிலத்துக்குச் சர்க்கரையின் பொருட்டே வந்தார்கள் என்பதும் நினைக்கத்தக்கது. ரப்பர் வருமுன், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்களில் இருந்தவை கரும்புத் தோட்டங்கள். அவற்றில் வெட்டுக் கத்தி பிடித்தவை தமிழர் கைகள். கரும்பு போய் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இனிப்பு மட்டும் மேசையில் நிலைத்துவிட்டது. அதன் விளைவாக, முதியோர் நோயாயிருந்த இரண்டாம் வகையும் இப்பொழுது பள்ளிப் பிள்ளைகளிடம் காணப்படுகிறது. 2022ஆம் ஆண்டு எடுத்த இளம்பருவத்தினர் ஆய்வில், மலேசிய மாணவர்களுள் பத்துக்கு மூவர் அளவில் மிகை எடை உள்ளவர்கள். பருமனான பிள்ளையின் பிடரியிலும் அக்குளிலும் தோல் கருத்துத் தடித்து வெல்வெட்டுப்போல் இருந்தால், அது அழுக்கன்று. தேய்த்துக் குளிப்பாட்டிப் பயனில்லை. உடலில் இன்சுலின் மிகுந்து சுரந்தும் வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம். அமெரிக்காவில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 699 இளைஞர்களை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு கவலை தருவது. பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரையை மட்டும் உண்டவர்களுள் பாதிப்பேருக்கு மேல் நோய் கட்டுக்குள் நிற்கவில்லை. இளமையில் வரும் இரண்டாம் வகை, முதுமையில் வருவதைவிட முரடானது.

இனி, ஆசிரியர் என்ன செய்யலாம்? ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தாலும், பாட வேளையில் மூன்று முறை எழுந்து வெளியே போகும் பிள்ளையை ஆசிரியர் அறிவார். புதிதாக இப்பழக்கம் தொடங்கியிருக்கிறதா, தண்ணீர்ப் புட்டி காலியாகிக்கொண்டே இருக்கிறதா, சட்டை தொளதொளக்கிறதா, முன்பு சுறுசுறுப்பாயிருந்தவன் மேசையில் தலை சாய்க்கிறானா என்று நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்ந்திருந்தால் அன்றைக்கே பெற்றோரை அழைத்து, அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம். விடை சில வினாடிகளில். இவ்வறிகுறிகளோடு எண் 11.1ஐ எட்டியிருந்தால் நாளை வரை காத்திராமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தியோ ஆழ்ந்த மூச்சோ தொடங்கியிருந்தால் சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டியதில்லை, 999ஐ அழைத்துவிடலாம்.

சிகிச்சை பெற்றுத் திரும்பும் பிள்ளைக்கும் பள்ளியின் உதவி தேவை. நாள்தோறும் பலமுறை ஊசி போட்டுக்கொள்ளும் மாணவியை மற்றவர்கள் வேடிக்கை பார்த்தால், அவள் கழிவறையில் ஒளிந்து போட்டுக்கொள்வாள். சில நாள் போடாமலும் விடுவாள். பருவ வயதில் மறுபடி மறுபடி அமிலநிலையில் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுள் பெரும்பாலோர் இவ்வாறு ஊசியை விட்டவர்களே. இங்கும் கருவி துணை செய்யும். பாஸ்டன் நகரத்து ஜாஸ்லின் நிலையம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 22 வயது வரையுள்ள 123 பேருள் ஒரு சாராருக்குச் சிறுநீர்ப் பட்டையும் மற்றொரு சாராருக்கு இரத்தக் கீட்டோன் கருவியும் கொடுத்தனர். கருவி பெற்றவர்கள் அவசரப் பிரிவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்தது மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி அளவே. காரணம் பெரிய இரகசியமன்று. காய்ச்சல் வந்த நாளில் சிறுநீரைப் பிடித்துச் சோதிக்க இளைஞர்கள் கூசினர். விரலில் குத்திப் பார்க்கக் கூசவில்லை.

தோலில் ஒட்டிக்கொண்டு இடைவிடாது சர்க்கரையைக் காட்டும் உணர்கருவிகளும், அவ்வளவைக் கொண்டு இன்சுலினைத் தாமே கூட்டிக் குறைக்கும் பம்புகளும் இப்பொழுது உண்டு. 2016ஆம் ஆண்டு அமெரிக்கா அத்தகைய பம்புக்கு முதன்முதலாக அனுமதி தந்தபோது, 14 வயதும் அதற்கு மேலும் என்றே வரையறுத்தது. தோட்டத்துக் குடும்பத்தின் வருமானத்துக்கு அவற்றின் விலை எட்டாது. எட்டும் பொருள்கள் சில உண்டு: அளவைக் கருவி ஒன்று, ஊசிப் பேனா ஒன்று, இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கப் பள்ளி அலுவலகத்தின் குளிர்ப் பெட்டியில் ஓரிடம். சர்க்கரை திடீரென்று தாழ்ந்து கை நடுங்கி வியர்க்கும் பிள்ளைக்கு உடனே கொடுக்க, வகுப்பு ஆசிரியரின் மேசை அறையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும். அதைத் தின்றபின் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். தேர்வு மண்டபத்துக்குள்ளும் அப்பொட்டலத்தையும் கருவியையும் பிள்ளை கொண்டு செல்லலாம் என்பதைத் தலைமையாசிரியர் முன்னரே கண்காணிப்பாளருக்குச் சொல்லிவைப்பது நலம்.